குடலை சரி பண்ணணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கறது? கேப்சூல் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு முழு வழிகாட்டி

பல்லு வீங்கிச்சுன்னு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். பல்லு சரியாச்சு, வயிறு போச்சு. ரெண்டு நாள் லூஸ் மோஷன், அடுத்த மூணு நாள் ஒண்ணுமே வராது, சாயந்தரம் ஆனா பேன்ட் பட்டன் போட முடியாத அளவுக்கு வயிறு உப்பிக்கும், இதெல்லாம் போதாதுன்னு சும்மாவே எரிச்சல், தூக்கம் சரியில்ல. உடனே நம்ம எல்லாரும் பண்றததான் நானும் பண்ணேன். நெட்ல தேடி, இருக்கறதுலயே விலை ஜாஸ்தியா ஒரு ப்ரோபயாடிக் கேப்சூல், அதாவது உள்ள நல்ல பாக்டீரியா அடைச்சது, வாங்கி தினமும் முழுங்கினேன். அதோட நிக்காம ஒரே நாள்ல ரெண்டு கிண்ணம் கொண்டைக்கடலை, ஒரு மலை சாலட், ஓட்ஸ் எல்லாத்தையும் உள்ள தள்ளினேன். அன்னிக்கு ராத்திரி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், வீட்ல இருந்தவங்களுக்கும் கொஞ்சம் தெரியும்.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல புரிஞ்சது என்னன்னா, நான் பண்ணது முழுக்க தப்பு இல்ல, வரிசைதான் தப்பு, வேகமும் தப்பு. அதனால எது முதல்ல, எது அப்புறம், எது தேவையே இல்லன்னு வரிசையா எழுதறேன். நான் டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல, உள்ள என்னதான் நடக்குது?

நம்ம பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதுக்குள்ளதான் நம்ம உடம்புல இருக்கற பாக்டீரியால பெரும்பகுதி குடித்தனம் நடத்துது. நம்ம செல்ல விட பாக்டீரியா பத்து மடங்குன்னு ஒரு கணக்கு ரொம்ப வருஷமா சுத்திட்டு இருந்துச்சு, இன்னும் சுத்துது. 2016-ல திருப்பி கணக்கு போட்டு பாத்தப்ப, சராசரி ஆளுக்கு பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, நம்ம சொந்த செல் சுமார் 30 லட்சம் கோடின்னு வந்துச்சு, அதாவது கிட்டத்தட்ட சரிக்கு சரி. மொத்த எடை வெறும் 200 கிராம் பக்கம்தான். ரெண்டு கிலோன்னு எங்கயாவது படிச்சிருந்தீங்கன்னா அத விட்டுடுங்க.

இந்த குடித்தனக்காரங்க சும்மா இல்ல, வாடகை குடுக்கறாங்க. நாம சாப்பிடற நார்ச்சத்த நம்ம உடம்பால செரிக்க முடியாது, அதுக்கான என்சைம் நம்மகிட்ட இல்ல. அது அப்படியே பெருங்குடல் வரைக்கும் போய் சேரும், அங்க பாக்டீரியா அத புளிக்க வச்சு சில கொழுப்பு அமிலங்கள உண்டாக்கும். அதுல ப்யூட்டிரேட்னு ஒண்ணு ரொம்ப முக்கியம், ஏன்னா பெருங்குடலோட உள்சுவர்ல இருக்கற செல்லுங்களுக்கு அதுதான் மெயின் சாப்பாடு. ரத்தத்துல வர்ற சர்க்கரைய விட இதத்தான் அதுங்க அதிகமா நம்பி இருக்கு. அப்ப யோசிச்சு பாருங்க, நாம நார்ச்சத்து சாப்பிடலன்னா பாக்டீரியாவும் பட்டினி, குடல் சுவரும் அரைப்பட்டினி. எலிகள வச்சு பண்ண ஒரு ஆராய்ச்சில, நார்ச்சத்தே குடுக்காம விட்டப்ப பாக்டீரியா குடல் சுவர் மேல இருக்கற வழவழ சளிப்படலத்தையே திங்க ஆரம்பிச்சிருச்சு. அந்தப் படலம்தான் பாக்டீரியாவுக்கும் நமக்கும் நடுவுல இருக்கற வேலி.

சரி, இதுக்கும் மத்த உடம்புக்கும் என்ன சம்பந்தம்? மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, இம்யூனிட்டி. வெளியிலேர்ந்து தினமும் கிலோ கணக்குல பொருள் உள்ள வர்ற இடம் குடல்தான், அதனால உடம்போட பாதுகாப்பு செல்லுங்கள்ல பெரும்பகுதி அங்கதான் காவல் நிக்குது. எது சாப்பாடு, எது எதிரி, எத கண்டுக்காம விடணும்னு அதுங்க கத்துக்கற பள்ளிக்கூடமும் அதேதான்.

ரெண்டு, மூளை. குடல் சுவருக்குள்ள 10 கோடிக்கு மேல நரம்பு செல் இருக்கு, மூளைய கேக்காமலே அதுங்களால குடலோட அசைவ ஓட்ட முடியும். வேகஸ்னு ஒரு நரம்பு வயித்தையும் மூளையையும் இணைக்குது. அது மூளைலேர்ந்து வயித்துக்கு ஆர்டர் போடற லைன்னு நெனைப்போம், ஆனா அதுல இருக்கற இழைகள்ல சுமார் 80 சதவீதம் வயித்துலேர்ந்து மூளைக்குத்தான் சேதி கொண்டு போகுது.

இங்க ஒரு சின்ன தகராறு. 'சந்தோஷ ஹார்மோன் செரட்டோனின் 90 சதவீதம் குடல்லதான் உருவாகுது, அதனால குடல் சரியானா டிப்ரஷன் போயிடும்'னு நெறைய பேர் சொல்றாங்க. முதல் பாதி சரி. ஆனா குடல்ல உருவாகற செரட்டோனின் மூளைக்குள்ள போக முடியாது, நடுவுல தடுப்பு இருக்கு. குடல்ல அதோட வேலை குடல நகர்த்தறது. குடலும் மனசும் பேசிக்குதுன்றது உண்மை, ஆனா இந்த வழியா இல்ல. மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கறவங்க தயவு செஞ்சு தயிர நம்பி மாத்திரைய நிறுத்திடாதீங்க.

மூணு, பொதுவான உடம்பு நிலை. அந்த கொழுப்பு அமிலங்கள் ரத்தத்துல கலந்து கல்லீரல் வரைக்கும் போகும், பசி அடங்கற ஹார்மோன தூண்டும், சில பாக்டீரியா வைட்டமின் கே கூட உண்டாக்கும். நார்ச்சத்து அதிகமா சாப்பிடறவங்களுக்கு இதய நோய், டைப் 2 சர்க்கரை, பெருங்குடல் புற்றுநோய் எல்லாமே கம்மியா வருதுன்னு பல நாட்டு ஆய்வுகள்ல திரும்ப திரும்ப வந்திருக்கு.

இனிமே படிப்படியா போலாம்.

படி 1: இது டாக்டர் விஷயமான்னு முதல்ல பாருங்க

இத கடைசில ஒரு வரில எழுதிட்டு போறவங்கதான் ஜாஸ்தி, எனக்கு அது பிடிக்கல, அதனால முதல்லயே வைக்கறேன். கீழ சொல்றதுல ஒண்ணு இருந்தாலும் சாப்பாட்ட மாத்தி பாத்துட்டு அப்புறம் போலாம்னு தள்ளிப்போடாதீங்க: மோஷன்ல ரத்தம், தார் மாதிரி கருப்பா மோஷன், முயற்சியே பண்ணாம எடை குறையறது, ரத்த சோகை, தூக்கத்துலேர்ந்து எழுப்பி விடற அளவுக்கு வயித்துப்போக்கு, முழுங்கறப்ப சிக்கறது, விடாத காய்ச்சல், விடாத வாந்தி. 45 வயசுக்கு மேல திடீர்னு மோஷன் போற பழக்கமே மாறி சில வாரமா அப்படியே இருந்தாலும், குடும்பத்துல யாருக்காவது பெருங்குடல் கேன்சரோ குடல் அழற்சி நோயோ இருந்தாலும் அதே கதைதான்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா மோஷன் கருப்பா வரும், பீட்ரூட் சாப்பிட்டா சிவப்பா வரும், அதுக்கு பயப்பட வேணாம். ஆனா 'மூலமாத்தான் இருக்கும்'னு நீங்களே முடிவு பண்றது மட்டும் வேணாம்.

படி 2: ரெண்டு வாரம் ஒண்ணும் மாத்தாதீங்க, எழுதுங்க

இதுதான் யாரும் பண்ணாத படி. எல்லாரும் நேரா மாத்தறதுக்கு போயிடறாங்க, அப்புறம் எது வேலை செஞ்சுச்சு எது கெடுத்துச்சுன்னு தெரியாது. ஒரு நோட்டு எடுங்க, இல்ல போன்லயே எழுதுங்க. என்ன சாப்பிட்டீங்க, எத்தன மணிக்கு, மோஷன் எப்ப, எப்படி, வயிறு உப்பினது எப்ப, தூக்கம் எவ்வளவு, அன்னிக்கு டென்ஷன் இருந்துச்சா, அவ்வளவுதான்.

மோஷன் எப்படின்னு எழுத ஒரு அளவுகோல் இருக்கு. இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்து ஆஸ்பத்திரில உருவாக்கி 1997-ல வெளியிட்டாங்க, பிரிஸ்டல் சார்ட்னு பேரு, ஏழு வகை. 1 வந்து தனித்தனியா கெட்டி உருண்டை, 2 கட்டி கட்டியா சேந்த மாதிரி, 3 மேல வெடிப்பு விட்டது, 4 வழவழன்னு மெத்துனு ஒரே நீளமா, 5 ஓரம் தெளிவா இருக்கற மெத்து துண்டுங்க, 6 கூழ், 7 சுத்தமா தண்ணி. 3, 4 வந்தா நல்லது. 1, 2 மலச்சிக்கல் பக்கம், 6, 7 போக்கு பக்கம். டாக்டர்கிட்ட 'கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு டாக்டர்'னு இழுக்கறதுக்கு பதிலா ஒரு நம்பர் சொல்லிடலாம்.

எத்தன தடவன்னு கவலை வேணாம். ஒரு நாளைக்கு மூணு தடவைலேர்ந்து வாரத்துக்கு மூணு தடவை வரைக்கும் நார்மல்தான். தினமும் காலைல கண்டிப்பா போயே ஆகணும்னு நெனச்சு அரை மணி நேரம் முக்கறதுதான் ஆபத்து.

இன்னொரு சின்ன டெஸ்ட் இருக்கு. வேக வச்ச மக்காச்சோளம் ஒரு கைப்பிடி சாப்பிட்டு நேரத்த குறிச்சு வச்சுக்கோங்க, அது எப்ப வெளில வருதுன்னு பாருங்க. சோள தோல் செரிக்காது, அதனால கண்ணுக்கு தெரியும். ஒரு நாள்லேர்ந்து மூணு நாளைக்குள்ள வந்தா சரி, நாலஞ்சு நாளாச்சுன்னா உங்க குடல் மெதுவா ஓடுதுன்னு அர்த்தம்.

படி 3: நார்ச்சத்து, ஆனா மெதுவா

இதுதான் மெயின், இங்கதான் நான் விழுந்தேன்.

பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 25 கிராம் நார்ச்சத்து வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்மள்ல நெறைய பேர் அதுல பாதிதான் சாப்பிடறோம். எவ்வளவுன்னு ஒரு ஐடியா வேணும்ல? வேக வச்ச பருப்போ கொண்டைக்கடலையோ 100 கிராம்ல 7, 8 கிராம். தோலோட ஒரு ஆப்பிள்ல 4 கிராம் பக்கம், வாழைப்பழத்துல 3, பாதாம் 30 கிராம்ல மூணரை, உலர்ந்த ஓட்ஸ் 40 கிராம்ல 4. அதே சமயம் வேக வச்ச வெள்ளை அரிசி 100 கிராம்ல அரை கிராம் கூட தேறாது. அப்ப தட்டுல முக்கால்வாசி வெள்ளையா இருந்தா கணக்கு எங்க போய் முடியும்னு நீங்களே பாத்துக்கோங்க. நான் என் நோட்ட வச்சு கூட்டி பாத்தேன், 11 கிராம் வந்துச்சு, அதுவும் ஒரு நல்ல நாள்ல.

இப்ப 11-லேர்ந்து 30-க்கு ஒரே நாள்ல தாவினா என்ன ஆகும்? பாக்டீரியாவுக்கு திடீர் கல்யாண சாப்பாடு. புளிக்க வைக்கறப்ப ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் எல்லாம் வரும், அதுதான் கேஸ். கேஸ் வர்றதே நோய் இல்ல, ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கே ஒரு நாளைக்கு பத்து இருபது தடவ பிரியும். ஆனா வயிறு வலிக்கற அளவுக்கு போனா நாலாவது நாள் வெறுத்துப்போய் 'எனக்கு நார்ச்சத்து ஒத்துக்கல'ன்னு விட்டுடுவோம், ஒத்துக்காதது நார்ச்சத்து இல்ல, வேகம்.

அதனால கணக்கு இதுதான்: வாரத்துக்கு ஒரு 5 கிராம் ஏத்துங்க, அதுக்கு மேல வேணாம். முதல் வாரம் தினமும் ஒரு பழம் மட்டும் கூட்டுங்க. ரெண்டாவது வாரம் மூணு நாலு ஸ்பூன் வெந்த பயறு. மூணாவது வாரம் சாப்பிடற தானியத்துல பாதிய முழு தானியமா மாத்துங்க. நாலாவது வாரம் காய பெருசாக்குங்க. ஒரு வாரம் வயிறு ரொம்ப உப்பினா அங்கயே நில்லுங்க, இறங்க வேணாம், அடுத்த வாரம் ஏறுங்க. நாலு வாரம் ஆறு வாரம் ஆகட்டும், என்ன அவசரம்.

பயற ராத்திரி ஊற வச்சு அந்த தண்ணிய கொட்டிட்டு புது தண்ணில நல்லா குழைய வேக வச்சா கேஸ் உண்டாக்கற சர்க்கரைல கொஞ்சம் தண்ணியோட போயிடும். டின்ல வர்றத வாங்கினாலும் நல்லா அலசிட்டு போடுங்க. வெந்த உருளைக்கிழங்கு, சோறு இதெல்லாம் ஆறினா அதுல கொஞ்சம் மாவுச்சத்து சிறுகுடல்ல செரிக்காத மாதிரி மாறிடும், அதுவும் பெருங்குடலுக்கு போய் பாக்டீரியாவுக்கு தீனி ஆகும். ஆனா சமைச்சத மணிக்கணக்கா வெளில வைக்காதீங்க, ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வைங்க.

தண்ணி குடிக்காம நார்ச்சத்து மட்டும் ஏத்தினா மலச்சிக்கல் இன்னும் மோசமாகும். இசப்கோல் (தண்ணில கலந்து குடிக்கற ஒரு விதையோட உமி, நார்ச்சத்துக்காக) எடுக்கறவங்க இத டபுளா ஞாபகம் வச்சுக்கோங்க, ஒரு ஸ்பூனுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணி முழுசா வேணும், இல்லன்னா தொண்டையிலயோ குடல்லயோ அடைச்சுக்கும். இசப்கோல்ல ஒரு நல்லது, அது அவ்வளவா புளிக்காது, அதனால கேஸ் கம்மி. ஐபிஎஸ் (IBS, வயித்து வலியும் போக்கோ மலச்சிக்கலோ திரும்ப திரும்ப வர்ற குடல் தொல்லை) இருக்கறவங்களுக்கு கோதுமை தவிட விட இது நல்லா ஒத்துக்கும். மலச்சிக்கல் ஆளுங்களுக்கு இன்னொரு ரெண்டு: தினமும் ரெண்டு கிவி பழம், இல்லன்னா ஒரு கைப்பிடி உலர்ந்த ப்ளம்ஸ். ரெண்டுமே ஆராய்ச்சில வேலை செஞ்ச பழங்கள்.

படி 4: ஒரே காய திரும்ப திரும்ப சாப்பிடாதீங்க

ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் ஒரு ருசி. ஒண்ணு ஓட்ஸ்ல இருக்கறத தின்னும், ஒண்ணு வெங்காயத்துல இருக்கறத, ஒண்ணு ஆப்பிள் தோல்ல இருக்கறத. அமெரிக்கால ஆயிரக்கணக்கான பேர் தங்களோட மல சாம்பிள அனுப்பி வச்ச ஒரு பெரிய ப்ராஜெக்ட்ல, வாரத்துக்கு 30-க்கு மேல வெவ்வேற தாவர உணவு சாப்பிட்டவங்களுக்கு 10 வகைக்குள்ளயே சாப்பிட்டவங்கள விட குடல் பாக்டீரியால வகை அதிகமா இருந்துச்சுன்னு 2018-ல சொன்னாங்க. அவங்க சைவமா அசைவமான்றத விட இந்த எண்ணிக்கைதான் அதிகமா ஒத்துப்போச்சாம்.

30-னு கேட்டதும் மலைப்பா இருக்கும். ஆனா மசாலா, மூலிகை, விதை, கொட்டை, பருப்பு எல்லாமே தாவரம்தான். நாலு வகை பயற ஒண்ணா கலந்து ஒரு டப்பால வச்சுக்கோங்க, ஒரு தடவ வேக வச்சா நாலு ஆச்சு. நான் ஒரு வாரம் எண்ணி பாத்தேன், 19. அதுக்கப்புறம் எண்ணறத விட்டுட்டேன், கடைக்கு போறப்ப போன வாரம் வாங்காத ஒண்ண வாங்கறது, அவ்வளவுதான் என் ரூல்.

படி 5: புளிச்ச உணவு

1908-ல நோபல் வாங்கின எலி மெட்ச்னிகாஃப்னு ஒரு விஞ்ஞானி, புளிச்ச பால்தான் ஆயுச கூட்டும்னு அப்பவே அடிச்சு சொன்னார். ஆயுசு விஷயத்துல அவர் கொஞ்சம் ஓவராத்தான் போனார், ஆனா முழுக்க வீண் இல்ல. 2021-ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல 36 பேர ரெண்டு குழுவா பிரிச்சு 10 வாரம் ஒரு குழுவுக்கு நார்ச்சத்து ஜாஸ்தி, இன்னொரு குழுவுக்கு தயிர், கெஃபிர் (ஒரு வகை புளிச்ச பால்), கிம்ச்சி (கொரியால பண்ற புளிச்ச முட்டைக்கோஸ்) மாதிரி புளிச்ச உணவு ஜாஸ்தின்னு குடுத்து பாத்தாங்க. புளிச்ச உணவு குழுவுக்கு பாக்டீரியா வகை கூடிச்சு, ரத்தத்துல அழற்சிய காட்டற 19 புரதங்கள் குறைஞ்சுது. நார்ச்சத்து குழுவுல அந்த 10 வாரத்துல வகை கூடல. சின்ன ஆராய்ச்சிதான், 36 பேர வச்சு உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாது, ஆனா எனக்கு இது ஒரு விஷயத்த சொல்லுது: வகைகளே கம்மியா இருக்கற குடல்ல தீனி மட்டும் போட்டா போதாது, திங்கறதுக்கு ஆளும் வேணும்.

தினமும் ஒரு கிண்ணம் சர்க்கரை போடாத தயிர்லேர்ந்து ஆரம்பிங்க. லேபிள்ல உயிருள்ள கல்ச்சர் (live culture, உயிரோட இருக்கற பாக்டீரியா) இருக்கான்னு பாருங்க, புளிக்க வச்சப்புறம் சூடு பண்ணியிருந்தா அதுல உயிர் இருக்காது. வினிகர் ஊத்தின ஊறுகாய் புளிப்பா இருக்கும், ஆனா அது புளிச்ச உணவு இல்ல. உப்பும் கவனம், பிபி இருக்கறவங்க முக்கியமா. கீமோ மாதிரி சிகிச்சைல இருக்கறவங்க, எதிர்ப்பு சக்தி ரொம்ப கம்மியா இருக்கறவங்க டாக்டர கேட்டுட்டு சாப்பிடுங்க.

படி 6: என்ன சாப்பிடறோம்ன்றத விட்டு எப்ப, எப்படின்னும் பாருங்க

நாம சாப்பிடாம இருக்கறப்ப ஒன்றரை மணிலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ வயித்துலேர்ந்து சிறுகுடல் கடைசி வரைக்கும் ஒரு அலை ஓடும், மிச்சம் மீதிய எல்லாம் பெருக்கி தள்ளிட்டு போகும். பசிக்கறப்ப வயிறு கடமுடன்னு சத்தம் போடறதுல ஒரு பங்கு அதுக்குத்தான். நாம ஒரு பிஸ்கட் வாயில போட்டாலும் அந்த பெருக்கற வேலை நின்னுடும். நாள் முழுக்க கொறிச்சுட்டே இருந்தா பெருக்கவே நேரம் கிடைக்காது. அதுக்காக பெரிய விரதம் எல்லாம் வேணாம், ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல மூணு நாலு மணி நேரம் சும்மா விடுங்க, ராத்திரி சாப்பாட்டுக்கும் படுக்கறதுக்கும் நடுவுல ரெண்டு மூணு மணி. சுகருக்கு மருந்து எடுக்கறவங்க இத டாக்டர கேட்டுட்டு பண்ணுங்க.

காலைல சாப்பிட்டதும் பாத்ரூம் வர்ற மாதிரி இருக்குல்ல, அது தானா நடக்கறது இல்ல, வயித்துல சாப்பாடு விழுந்ததும் பெருங்குடலுக்கு 'இடம் விடு'ன்னு ஒரு சிக்னல் போகுது. அந்த சிக்னல் வர்றப்ப மீட்டிங், பஸ்னு அடக்கிட்டே இருந்தா கொஞ்ச நாள்ல அந்த உணர்வே மழுங்கிடும். காலைல ஒரு பத்து நிமிஷம் முன்னாடி எழுந்திரிங்க, அவ்வளவுதான். வெஸ்டர்ன் டாய்லெட்னா காலுக்கு கீழ ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முட்டி இடுப்ப விட உயரமா வர்ற மாதிரி உக்காருங்க, மலக்குடல மடிச்சு பிடிச்சுட்டு இருக்கற தசை தளரும், முக்க வேண்டியிருக்காது. போன வெளில வச்சுட்டு போங்க. இத எழுதறப்பவே நெறைய பேர் இத எங்க உக்காந்து படிக்கறீங்கன்னு எனக்கு தெரியும்.

சாப்பிட்டப்புறம் பத்து நிமிஷ நடை கேஸ நகர்த்தும். தூக்கத்த பத்தி சொல்ல வேண்டியதே இல்ல, ரெண்டு நாள் சரியா தூங்காம இருந்து பாருங்க, வயிறே சொல்லிடும்.

படி 7: டென்ஷன்

1822-ல அமெரிக்கால ஒரு ஆளுக்கு தவறுதலா வயித்துல குண்டு பாஞ்சுது. பொழச்சுட்டார், ஆனா ஓட்டை மூடவே இல்ல. அவர பாத்துக்கிட்ட வில்லியம் போமான்ட்னு ஒரு ராணுவ டாக்டர் அந்த ஓட்டை வழியா சாப்பாட்ட நூல்ல கட்டி உள்ள விட்டு வெளில எடுத்து, வருஷக்கணக்கா செரிமானத்த நேரா பாத்து எழுதினார். பாவம் அந்த ஆளு, கோவப்படாம இருந்தாதான் ஆச்சரியம். ஆனா அந்த கோவத்துலயும் ஒண்ணு தெரிஞ்சுது: அவர் கோவமா இருக்கறப்ப செரிமானமும் கெட்டுச்சு.

அதுக்காக எல்லாத்துக்கும் டென்ஷன்தான் காரணம்னு சொல்லிடக்கூடாது. வயித்துப் புண்ணுக்கு டென்ஷனும் காரமும்தான் காரணம்னு ரொம்ப வருஷம் டாக்டருங்களே சொல்லிட்டு இருந்தாங்க. பாரி மார்ஷல்னு ஒரு ஆஸ்திரேலிய டாக்டர் 1984-ல ஹெலிகோபேக்டர் பைலோரின்ற பாக்டீரியாவ தானே குடிச்சு, வயித்த கெடுத்துக்கிட்டு, காரணம் இதுதான்னு காட்டினார். 2005-ல அவருக்கும் அவரோட சேந்து ஆராய்ச்சி பண்ண ராபின் வாரனுக்கும் நோபல். அதனால வயிறு தொடர்ந்து எரிஞ்சா யாராவது 'டென்ஷன் ஆகாத'ன்னு சொல்றத கேட்டுட்டு சும்மா இருக்காம டெஸ்ட் பண்ணிக்கோங்க, ஆன்டிபயாடிக் கோர்ஸ்ல சரியாகற விஷயமா இருக்கலாம்.

பண்ண வேண்டியது சிம்பிள்: சாப்பிட உக்காந்ததும் அஞ்சு தடவ மெதுவா மூச்சு விடுங்க, ஸ்க்ரீன் பாக்காம மென்னு சாப்பிடுங்க. ஐபிஎஸ்க்கு மனசுக்கான தெரபியே ஒரு சிகிச்சையா குடுக்கறாங்க, அது 'உனக்கு வியாதி எல்லாம் மனசுலதான்'னு சொல்றதுக்கு இல்ல, லைன் ரெண்டு பக்கமும் ஓடறதால.

படி 8: மருந்து டப்பாவ ஒரு தடவ பாருங்க

ஆன்டிபயாடிக் தேவைன்னா சாப்பிட்டுத்தான் ஆகணும், சளிக்கும் ஃப்ளூவுக்கும் கேட்டு வாங்கி சாப்பிடறதுதான் தப்பு, அது வைரஸ், ஆன்டிபயாடிக் அத தொடக்கூட தொடாது. 2018-ல வந்த ஒரு ஆய்வுல ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு நாலு நாள் ரொம்ப ஸ்ட்ராங்கான ஆன்டிபயாடிக் குடுத்து பாத்தாங்க. ஒன்றரை மாசத்துல குடல் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துடுச்சு, ஆனா முன்னாடி எல்லார்கிட்டயும் இருந்த 9 வகை பாக்டீரியா ஆறு மாசம் ஆகியும் திரும்ப தென்படல.

அதே வருஷம் இஸ்ரேல்ல வைஸ்மன் ஆய்வு நிறுவனத்துல பாத்தது என் கேப்சூலுக்கு விழுந்த அடி. ஆன்டிபயாடிக் முடிச்சவங்கள்ல ப்ரோபயாடிக் சாப்பிட்டவங்களுக்கு சொந்த பாக்டீரியா திரும்ப வர்றது, ஒண்ணுமே சாப்பிடாம விட்டவங்கள விட லேட் ஆச்சு. வெளியிலேர்ந்து வந்தவங்க இடத்த பிடிச்சுக்கிட்டு பழைய குடித்தனக்காரங்கள உள்ள விடல. நியாயமா இன்னொண்ணும் சொல்லணும், குறிப்பிட்ட சில ப்ரோபயாடிக் வகைகள் ஆன்டிபயாடிக்னால வர்ற வயித்துப்போக்க குறைக்கறதுக்கு ஆதாரம் இருக்கு. அதனால டாக்டர் எழுதி குடுத்தா சாப்பிடுங்க, ஆனா 'எதுக்கும் இருக்கட்டும்'னு மாசக்கணக்கா முழுங்கறதுக்கு காரணம் இல்ல.

வலி மாத்திரை, முக்கியமா ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை, வயித்து சுவர புண்ணாக்கும். அடிக்கடி எடுக்கறீங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அசிடிட்டிக்கு காலைல போடற மாத்திரைய வருஷக்கணக்கா போட்டுட்டு இருந்தா இன்னும் தேவையான்னு கேளுங்க, ஏன்னா வயித்து ஆசிட் கிருமிகளுக்கு ஒரு கேட் மாதிரி. ஆனா நீங்களா டக்குனு நிறுத்தாதீங்க, ஆசிட் முன்ன விட அதிகமா திரும்பி அடிக்கும்.

படி 9: அப்பவும் சரியாகலன்னா, ஒண்ணு ஒண்ணா எடுத்து பாருங்க

முதல்ல பால். உலகத்துல பெரியவங்கள்ல மூணுல ரெண்டு பேருக்கு பால் சர்க்கரைய முழுசா செரிக்க முடியாது, இது வியாதி இல்ல, சின்ன வயசு தாண்டினதும் அந்த என்சைம் குறைஞ்சிடும். ரெண்டு வாரம் பால நிறுத்தி பாருங்க, திருப்பி ஆரம்பிச்சதும் உப்பினா பதில் கிடைச்சாச்சு. தயிர் பெரும்பாலும் ஒத்துக்கும், ஏன்னா அதுல பாதி வேலைய பாக்டீரியாவே முடிச்சிடுது.

அடுத்து ஃபாட்மேப் முறை, ஆஸ்திரேலியால மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கினது, ஐபிஎஸ் இருக்கறவங்களுக்கு. வெங்காயம், பூண்டு, கோதுமை, ஆப்பிள், சில பயறுன்னு சீக்கிரம் புளிக்கற சர்க்கரை இருக்கறத எல்லாம் ரெண்டுலேர்ந்து ஆறு வாரம் நிறுத்தி, அப்புறம் ஒண்ணு ஒண்ணா திரும்ப சேத்து எது ஆகாதுன்னு கண்டுபிடிக்கணும். நெறைய பேர் முதல் பாதிய மட்டும் பண்ணிட்டு அதுலயே வருஷக்கணக்கா உக்காந்துடறாங்க. அப்படி இருந்தா பாக்டீரியாவுக்கு போற தீனியையே நிறுத்தின மாதிரி. டயட்டீஷியன் இல்லாம இதுல இறங்காதீங்க.

கோதுமை மேல சந்தேகம்னா நிறுத்தறதுக்கு முன்னாடி சீலியாக் (கோதுமைல இருக்கற க்ளூட்டன் புரதத்தால குடல் கெடற நோய்) டெஸ்ட் எடுத்துடுங்க. நிறுத்தினப்புறம் எடுத்தா டெஸ்ட் பொய்யா நார்மல்னு காட்டும். இத ரொம்ப பேர் தலைகீழா பண்றாங்க.

எதுக்கு காசு போட வேணாம்னும் சொல்லிடறேன். 200 உணவுக்கு ரத்தத்துல ஐஜிஜி (IgG, ஒரு வகை எதிர்ப்பு புரதம்) பாத்து ஒவ்வாமை லிஸ்ட் குடுக்கற டெஸ்ட் வேணாம், அது நீங்க அந்த உணவ சாப்பிட்டிருக்கீங்கன்னு மட்டும்தான் காட்டும், அலர்ஜி டாக்டருங்க சங்கங்களே வேணாம்னு சொல்லுது. குடல கழுவற டீடாக்ஸ் வேணாம், குடல் உள்சுவர் செல்லுங்க மூணுலேர்ந்து அஞ்சு நாளைக்கு ஒரு தடவ தானா புதுசாகிடும், கழுவ வேண்டிய அழுக்குன்னு அங்க ஒண்ணும் ஒட்டிட்டு இல்ல. வீட்லேர்ந்து மலம் அனுப்பி பாக்டீரியா லிஸ்ட் வாங்கறதும் இப்போதைக்கு வேடிக்கை பாக்கத்தான் ஆகும், அத வச்சு என்ன பண்ணணும்னு சொல்ற அளவுக்கு விஷயம் இன்னும் வளரல.

மூணு மாசம் இதெல்லாம் பண்ணியும் வயிறு அப்படியேதான் இருக்குன்னா படி 2-ல ஆரம்பிச்ச நோட்ட எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க. 'கேஸ் ப்ராப்ளம்'னு ஆரம்பிக்காதீங்க. எவ்வளவு நாளா, வாரத்துக்கு எத்தன தடவ, சார்ட்ல எந்த நம்பர், எத சாப்பிட்டா கூடுது, என்னென்ன மாத்திரை எடுக்கறீங்க, எத மாத்தி பாத்தீங்கன்னு அந்த நோட்டுல இருக்கறத அப்படியே படிச்சு காட்டுங்க. நான் போனப்ப அந்த டாக்டர் நோட்ட வாங்கி, நாலு பக்கம் திருப்பி, 'மத்தியானம் மூணு மணி காபியும் பிஸ்கட்டும் தினமும் இருக்கே, உப்பறது தினமும் அஞ்சு மணிக்கா?'ன்னு கேட்டார். மூணு மாசம் எழுதினது நான், எனக்கு அது கண்ணுல படவே இல்ல.